நம்மை உற்றுப் பார்க்கும் கழுகின் படத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள்

பறவைப் படப்பிடிப்பு உலாக்களை நடத்தும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும், காட்டுயிர்ப் படப்போட்டிகளின் நடுவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உலாக்களில் கலந்துகொண்டு, உங்கள் போட்டிகளுக்குப் படம் அனுப்பி, உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவராக இம்மடலை எழுதுகிறேன். பருந்து, கழுகு, வல்லூறு, பாறு (பிணந்தின்னிக் கழுகு), ஆந்தை முதலிய இரைகொல்லிப் பறவைகளைப் படமெடுப்பதில் எதைச் சிறப்பென்று நாம் கொண்டாடுகிறோமோ, அதுவே அந்தப் பறவைகளுக்குத் தொல்லையாக மாறிவருகிறது. ஃபிரேமை நிறைக்கும் முகம், லென்ஸை நேராக நோக்கும் மஞ்சள் கண், தனித்தனியே எண்ணிவிடக்கூடிய இறகுகள் ஆகியவையே நம் குழுக்களில் பாராட்டையும் போட்டிகளில் பரிசையும் பெறுகின்றன. ஆனால் ஓர் இரைகொல்லிப் பறவை நம்மை நேராக உற்றுப் பார்க்கிறது என்றால், அது அதுவரை செய்துகொண்டிருந்த வேலையைப் பெரும்பாலும் நம்மால் விட்டுவிட்டது என்று பொருள். நீங்கள் பரிசளிக்கும் அளவுகோலை மாற்ற வேண்டும், அதற்கேற்ப உலாக்களை நடத்தும் முறையையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தத் திறந்த மடல்.

முதலில் அந்தப் பார்வையைப் பற்றியே சொல்கிறேன். பெருங்கழுகுகளின் பார்வைக் கூர்மை மனிதருடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. பகலில் வேட்டையாடும் இரைகொல்லிகளின் ஒவ்வொரு கண்ணிலும், விழித்திரையில் கூர்பார்வைக்கான குழிகள் இரண்டு இருக்கின்றன, நமக்கு ஒன்றுதான். ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பக்கவாட்டிலும் பார்க்க உதவுகிறது. தொலைவிலிருப்பதை மிக நுட்பமாகக் காட்டுவது அந்தப் பக்கவாட்டுக் குழியே. ஆகவே தலையைச் சற்றுச் சாய்த்து வேறெங்கோ பார்ப்பதுபோலக் கிளையில் அமர்ந்திருக்கும் வல்லூறு, பல நேரங்களில் நம்மைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. நாம் வண்டியின் கதவைத் திறந்த நொடியிலேயே அது நம்மை எடைபோடத் தொடங்கியிருக்கும். முகத்தை முழுவதும் நம் பக்கம் திருப்பி நேராக நோக்கும் நிலைக்கு அது வந்திருந்தால், எழுந்து பறப்பதா வேண்டாமா என்ற முடிவின் விளிம்பில் அது இருக்கிறது. அந்தக் கணத்தைத்தான் நாம் "கண்ணோடு கண்" என்று தலைப்பிட்டுப் பகிர்கிறோம்.

அமைதியாக இருக்கும் பறவையை அடையாளம் காண்பது கடினமன்று. இறகுகள் தளர்ந்து உடல் சற்று உப்பலாக இருக்கும்; ஒரு காலை வயிற்றிறகுக்குள் மடக்கி வைத்திருக்கும்; இறகைக் கோதும்; அல்லது கீழே புல்வெளியில் எதையோ தேடிக்கொண்டிருக்கும். தொல்லையுற்ற பறவையின் இறகுகள் உடலோடு ஒட்டி இறுகும், கழுத்து நீளும், மடக்கிய கால் கீழே இறங்கும், உடல் முன்னோக்கிச் சாயும், சிறகுகள் உடலிலிருந்து இலேசாக விலகும். பறப்பதற்குச் சற்று முன் எச்சமிடுவதும் உண்டு. இவை நம்மில் பலருக்கும் தெரியும்; பறக்கும் தருணத்தைப் படமெடுக்க விரலைத் தயாராக வைத்திருப்பதற்காகவே இவற்றைக் கற்றிருக்கிறோம். பின்வாங்க வேண்டிய நேரத்தைக் காட்டும் குறிகளாக இவற்றைக் கற்பிப்பதுதான் உலாத் தலைவர்களின் பணியாக இருக்க வேண்டும்.

ஆந்தைகளின் நிலை இன்னும் மோசம். பகலில் கிளையோடு கிளையாக உறங்கும் காதுக்கொத்து ஆந்தைகள், ஆபத்தை உணர்ந்ததும் உடலை ஒல்லியாக நீட்டி, காதுக்கொத்துகளை நிமிர்த்தி, கண்களை ஒரு கீற்றளவுக்குச் சுருக்கிக்கொண்டு காய்ந்த மரக்கட்டையைப்போல் நிற்கும். அது ஒளிந்துகொள்ளும் நிலை. நம் தொகுப்புகளில் அழகிய போஸ் என்று பாராட்டப்படும் ஆந்தைப் படங்களில் கணிசமானவை இந்த நிலையில் எடுக்கப்பட்டவை. சிற்றாந்தைகள் தலையை மேலும் கீழும் அசைப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். கண்விழிகளை அதிகம் அசைக்க இயலாத அப்பறவை, தலையை அசைத்துத்தான் நமக்கும் அதற்குமுள்ள தொலைவை அளக்கிறது.

"பறந்தால் என்ன, சற்று நேரத்தில் இன்னொரு மரத்தில் அமரத்தானே போகிறது" என்று உலாக்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கொடுமனம் படைத்தவர்கள் அல்லர். பறப்பதென்பது பறவைக்கு மூச்சு விடுவதைப்போல எளிது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். ஆண்டீஸ் மலைத்தொடரில் வாழும் காண்டர் என்னும் பெரும்பாறுகளின் உடலில் கருவி பொருத்தி ஒவ்வொரு சிறகடிப்பையும் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அப்பறவைகள் வானில் இருந்த நேரத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே சிறகடித்தன; அவற்றுள் ஒன்று 5 மணி நேரத்துக்கும் மேலாக, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவை ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் கடந்தது. அந்தச் சொற்பச் சிறகடிப்பிலும் முக்கால் பங்குக்கு மேல் தரையிலிருந்தோ பாறையிலிருந்தோ எழும் நேரத்தில் நிகழ்ந்தது. அதாவது மிதந்து பறக்கும் பெரிய பறவைகளுக்குப் பறப்பதன் செலவு, பெருமளவும் எழும்புவதன் செலவே. நாம் ஒரு முறை கிளப்பிவிடும்போது அது மிகவும் சிக்கனப்படுத்தி வைத்திருக்கும் ஆற்றலைத்தான் செலவழிக்க வைக்கிறோம்.

இதோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெயில் ஏறித் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும் வரை கழுகுகளும் பாறுகளும் அமர்ந்த இடத்திலேயே காத்திருக்கும். அந்த இளங்காலை ஒளிதான் படத்துக்கும் உகந்தது. ஆகவே நம் உலாக்களும் அந்நேரத்தில்தான் புறப்படுகின்றன. ஏறிச்செல்லக் காற்று இல்லாத வேளையில் கிளப்பப்படும் பறவை, முழுக்க முழுக்கத் தன் தசைவலுவைக் கொண்டே பறந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அருகே போவதுதான் மிகவும் பாதிக்கிறது என்பதை உலாவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். வேட்டைக்கும் இதே கணக்கு உண்டு. இரைகொல்லிகள் மேற்கொள்ளும் தாக்குதல்களில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடிகின்றன. இளம்பறவைகளின் நிலை இன்னும் கடினமானது. பல இனங்களில் அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. பிடித்த இரையைச் சிறகால் மூடிக்கொண்டு தரையில் நிற்கும் இளம்பறவையை நோக்கி நாம் நகர்ந்து, அது இரையைக் கைவிட்டுப் பறந்துவிட்டால், அன்றைய பட்டினிக்கு நாமே காரணம்.

கூடுகளைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டுக்குப் பல குஞ்சுகளை வளர்க்கும் சிறு பறவைகளைப்போல் பெருங்கழுகுகள் இழப்பை ஈடுகட்ட முடியாது. பொன்னிறக் கழுகு பெரும்பாலும் 2 முட்டைகள் இடுகிறது. 6 வாரங்களுக்கு அடைகாக்கிறது. அந்தக் குஞ்சு தானே இனப்பெருக்கம் செய்யும் வயதை எட்ட 4, 5 ஆண்டுகள் ஆகின்றன. பிலிப்பைன்ஸ் கழுகு 2 ஆண்டுகளுக்கு ஒரு குஞ்சை வளர்ப்பதே பெரிது. அடைகாக்கும் தாய் எழுந்து விலகும் சில நிமிடங்களில் முட்டை வெயிலில் காயலாம், குளிரில் விறைக்கலாம், காத்திருக்கும் காகத்துக்கு இரையாகலாம். பாதி வளர்ந்த குஞ்சுகளோ நாம் நெருங்கினால் பறக்கும் வலு வருவதற்கு முன்பே அஞ்சிக் கூட்டிலிருந்து குதித்துவிடும். நாம் "ஒரே ஒரு படம்" என்று சொல்லிக்கொண்டு ஏறும் பாறைத்திட்டில், அந்த ஆண்டின் முழு உழைப்பும் இருக்கிறது.

பெரிக்ரின் ஃபால்கன் எனப்படும் பொரி வல்லூறின் கதையை நீங்கள் அறிவீர்கள். டிடிடி பூச்சிக்கொல்லியின் எச்சம் உடலில் சேர்ந்து முட்டை ஓடுகள் மெலிந்து உடைந்ததால், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரந்த நிலப்பகுதிகளில் அந்தப் பறவை அற்றுப்போனது. அமெரிக்கா 1972-ல் டிடிடியைத் தடைசெய்தது. வளர்ப்பகங்களில் பொரித்த குஞ்சுகளைப் பாறைமுகடுகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் விட்டு வளர்த்தார்கள். 1999-ல்தான் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயரை அந்நாடு நீக்கியது. அவ்வளவு பாடுபட்டு மீட்கப்பட்ட பறவையின் கூட்டுக்கு நேர் எதிரே முக்காலிகளை நிறுத்தி நாள்முழுதும் நிற்பது எப்படி நியாயமாகும்?

சட்டங்களும் இதைத்தான் சொல்கின்றன. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுக் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பொரி வல்லூறு, கூகை, பொன்னிறக் கழுகு, விராலடிப்பான் உள்ளிட்ட பறவைகள் இருக்கின்றன. அவை கூடு கட்டும்போதோ, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டின் அருகில் இருக்கும்போதோ தெரிந்தே தொல்லை தருவது குற்றம். தொல்லை நேரக்கூடிய படப்பிடிப்புக்கு முன்கூட்டியே உரிமம் பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் வெண்தலைக் கழுகைக் காக்கும் சட்டம் 1940 முதல் இருக்கிறது. 1962-ல் பொன்னிறக் கழுகும் அதில் சேர்க்கப்பட்டது. வெண்தலைக் கழுகுக்காக அங்கே 2007-ல் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல், இனப்பெருக்கக் காலத்தில் நடந்து செல்வோர்கூடக் கூட்டின் பார்வையில் படும்போது 330 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 100 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்கிறது. இத்தகைய வரையறை இல்லாத இடங்களில் குழுவே வரையறையை வகுத்துக்கொள்ளலாம். நான் கேட்பது இன்னும் எளிது: கூட்டுக்குச் செல்லும் உலாவே வேண்டாம். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால், அல்லது தலைக்கு மேல் ஒரு பறவை வட்டமிட்டபடி ஓயாமல் கத்தினால், குழு அப்படியே திரும்பிவிட வேண்டும். பறவைப் படப்பிடிப்பில் ஃபிளாஷைப் பயன்படுத்துவதில் முன்னோடியான பிரிட்டானியர் எரிக் ஹாஸ்கிங், 1937-ல் டானி ஆந்தையின் கூட்டருகே இரவில் தாக்கப்பட்டு இடது கண்ணை இழந்தார். ஒரு பெற்றோர்ப் பறவை கூட்டுக்காக எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தாக்காத பறவை தொல்லைப்படவில்லை என்று எண்ணுவது பிழை; பெரும்பாலானவை ஓசையின்றி விலகிப் போய்விடுகின்றன.

இரை காட்டிப் படமெடுப்பது பற்றியும் குழுக்கள் தெளிவான நிலை எடுக்க வேண்டும். வட அமெரிக்கப் பனிவெளிகளில் பனி ஆந்தைக்கும் பெருஞ்சாம்பல் ஆந்தைக்கும் முன்னால் வளர்ப்பு எலிகளை விட்டு, அவை கேமராவை நோக்கிப் பாய்ந்து வரும் காட்சியை எடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக உள்ளது. சிறகு விரித்து, கால்நகங்களை நீட்டி, நேரே நம்மை நோக்கி வரும் ஆந்தையின் படம் பரிசு மேடையில் எடுபடுகிறது என்பதால்தான் அந்த வழக்கம் தொடர்கிறது. மனிதரோடும் வண்டியோடும் சாலையோரத்தோடும் உணவை இணைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஆந்தை, சாலையின் மேல் தாழப் பறந்து அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இதே வகையே. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது வீணாக அலைகிறது.

பாறுகளுக்கு உணவிடும் இடங்களை நான் இதில் சேர்க்கவில்லை. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால், அவற்றின் சடலங்களை உண்ட தெற்காசியப் பாறு இனங்கள் சில 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 2004-ல் காரணம் கண்டறியப்பட்டு, 2006-ல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தன. நச்சற்ற இறைச்சி கிடைக்கும்படி பாதுகாப்பாளர்கள் நடத்தும் இடங்களில், நிலையான மறைவிடத்தில் ஒளிந்திருந்து படமெடுப்பதற்கும், படத்துக்காகவே எலியை வீசுவதற்கும் உள்ள வேறுபாட்டை எவரும் உணர்வர். அங்கே உணவு பறவைக்காக வைக்கப்படுகிறது. டிரோன்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இரைகொல்லி உலாவில் அவற்றுக்கு இடமே இருக்கக் கூடாது.

இருப்பிடத்தைப் பகிர்வது பற்றி ஒன்று. 2010-ல் பிரிட்டனின் பர்மிங்காம் விமான நிலையத்தில் 14 பொரி வல்லூறு முட்டைகளை உடலில் கட்டிக்கொண்டு வெளிநாடு செல்ல முயன்ற ஒருவர் பிடிபட்டார். வல்லூறுகளுக்குக் கள்ளச்சந்தை இருக்கிறது. கூட்டின் இடத்தை அறிய விரும்புவோர் எல்லோரும் பறவை நேசர்கள் அல்லர். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் தளம், இத்தகைய ஆபத்துள்ள இனங்களைத் தனிப் பட்டியலிட்டு அவற்றின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கிறது. நம் குழுக்களோ படம் எடுத்த சில நிமிடங்களிலேயே வரைபடக் குறியை அனுப்பிவிடுகின்றன. மறுநாள் காலை அதே மரத்தடியில் பெருங்கூட்டம். படக்கோப்பில் தானாகப் பதியும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குவதும், இடத்தைப் பறவை விட்டுச்சென்ற பிறகு பொதுவாக மட்டும் குறிப்பிடுவதும் கட்டாய விதியாக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நெருக்கமான படங்களைக் கண்டுதானே மக்கள் இப்பறவைகளை நேசிக்கத் தொடங்குகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அது பொருட்படுத்தத்தக்க கேள்வி. படங்கள் பறவைகளைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகட்டை ஒட்டி ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆயிரக்கணக்கான பருந்துகளும் கழுகுகளும் வலசை செல்கின்றன. 1930-களின் தொடக்கத்தில் துப்பாக்கியோடு அங்கே போய் அவற்றைச் சுட்டு வீழ்த்துவது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. அம்மாநில அரசு 1929-ல் கோஷாக் என்னும் பருந்து ஒன்றுக்கு 5 டாலர் சன்மானமே அறிவித்திருந்தது. 1932-ல் ரிச்சர்ட் போ என்னும் இளைஞர் அங்கே சென்று, செத்து விழுந்த பறவைகளைத் திரட்டிக் காட்டுத்தரையில் வரிசையாகக் கிடத்திப் படமெடுத்தார். அந்தப் படங்களைக் கண்ட ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி, 1934-ல் அந்த மலையில் ஏறத்தாழ 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலராக நியமித்தார். அந்தப் பருவத்திலேயே அங்கு வேட்டை நின்றது. இரைகொல்லிப் பறவைகளுக்கென்றே உலகில் முதன்முதலாக அமைந்த ஹாக் மவுண்டன் சரணாலயம் அதுவே. ப்ரூன் அன்று தொடங்கிய வலசைக் கணக்கெடுப்பு இன்றும் நடைபெறுகிறது.

இரைகொல்லிப் பறவைகளின் வரலாற்றில் அவற்றுக்கு மிகப் பெரிய நன்மை செய்த படங்களுள் ரிச்சர்ட் போ எடுத்த படங்களையும் எண்ண வேண்டும். அவற்றில் பளபளக்கும் கண் இல்லை; மங்கலாகத் தெரியும் பின்னணி இல்லை; பறவைகள் உயிரோடுகூட இல்லை. அங்கே நடந்ததை அவை உள்ளபடி காட்டின. நெருக்கத்தால்தான் நேசம் பிறக்கும் என்னும் வாதம் எனக்கு ஒப்பாதது இதனால்தான்.

உயிரோடு தொலைவில் பறக்கும் பறவையின் சுமாரான படமும் எவ்வளவு சொல்லும் என்பதை உலாக்களில் நாம் போதிய அளவு கற்பிப்பதில்லை. விரிந்த சிறகின் நுனியில் விரல்களைப்போல் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணினால், 5 இருந்தால் வைரி, 6 இருந்தால் அதைப் போன்றே தோன்றும் ஸ்பாரோஹாக் என்னும் பறவை என்று பிரித்தறியலாம். ஒரே மாதிரித் தெரியும் பெண் பூனைப்பருந்துகளிலும் இந்த எண்ணிக்கை உதவும். இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் வரிசையைக் கொண்டு பறவையின் வயதைக் கணிக்கலாம். தொண்டைப்பை புடைத்திருந்தால் அது அண்மையில் உண்டிருக்கிறது. காலில் வளையம் இருந்து அதன் எண் படத்தில் தெரிந்தால், அது எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்பதே தெரிய வரலாம். வானத்தை நோக்கி எடுப்பதால் அடிச்சிறகு கருத்துப்போகாமலிருக்க வெளிச்சத்தை ஒரு படி கூட்டி, 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் தொடர்ச்சியாக எடுத்தால், 400 மி.மீ. லென்ஸே இதற்கெல்லாம் போதும். இப்படத்தை எடுப்பவர் பறவையிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. கடந்துபோகும் பறவை கடந்துபோகிறது.

உலாவை நடத்தும் முறைக்கு வருகிறேன். தனியாளைப் பொறுத்துக்கொள்ளும் பறவை, ஒரு வரிசையாக நகர்ந்து வரும் பத்துப் பேரைப் பொறுத்துக்கொள்வதில்லை. நம் கூட்டங்களில் ஒருவர் ஓரடி முன்னே வைத்தால் அவரது தோள் தன் பார்வையை மறைக்காமலிருக்க அடுத்தவரும் ஓரடி வைக்கிறார். யாரும் நெருங்க எண்ணாமலேயே எல்லோரும் நெருங்கிவிடுகிறோம். ஆகவே எங்கே நிற்பது என்பதைத் தலைவர் முதலிலேயே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவரும், மூத்த உறுப்பினரும், பரிசு பெற்றவரும்கூடப் போகக் கூடாது. பறவையின் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்காமல் அது விலகிச்செல்ல ஒரு திசையைத் திறந்துவிட வேண்டும். வண்டிக்குள் இருந்தபடி எடுக்க முடிந்தால் இறங்க வேண்டாம். நடந்துவரும் மனித உருவத்தைவிட நிற்கும் வண்டிக்குப் பறவைகள் குறைவாகவே அஞ்சுகின்றன. முற்பகல் ஏற ஏறத் தரையிலிருந்து எழும் கானல் அலையால் தொலைவுப் படங்கள் குழையும்போது, பலர் தீர்வென்று எண்ணிப் பறவையை நெருங்குகிறார்கள். அந்த நேரம் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டிய நேரம் என்று தலைவர் சொல்ல வேண்டும்.

காற்றைக் கற்றுக்கொடுங்கள் என்றும் கேட்கிறேன். இரைகொல்லிகள் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன. எதிர்க்காற்றில்தான் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு ஒரே இடத்தில் மிதந்து தரையை ஆராய்கிறது. காற்றும் கதிரவனும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வெகு தொலைவிலேயே அமர்ந்துவிட்டால், பறவை தானாகப் புறப்படும்போது அதன் முகமும் ஒளியும் நம் பக்கம் இருக்கும். கிளப்பிவிட வேண்டிய தேவை இல்லை, பொறுமை வேண்டும். தன் இயல்பில் வேட்டையாடும் பறவை, நாம் அசையாமலிருந்தால் நாம் எதிர்பார்க்காத அளவு அருகில் வந்துபோவதும் உண்டு. அப்போது கிடைக்கும் நெருக்கமான படத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தத் தொலைவைத் தேர்ந்தெடுத்தது பறவை. நகரங்களில் மனிதரோடு பழகிவிட்ட பருந்துகளுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும்: அது தன் வேலையைத் தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நடுவர்களே, உங்களிடம்தான் மாற்றத்தின் சாவி இருக்கிறது. படம் எடுக்கப்பட்ட விதத்தை ஆராய்வது உங்களால் இயலாத ஒன்றல்ல. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில், வேலியைத் தாண்டும் ஓநாயின் படத்துக்கு வழங்கிய தலைமைப் பரிசு, அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. 2018-ல் பாடம்செய்யப்பட்ட எறும்புண்ணியைக் கொண்டு எடுத்ததாகக் கருதப்பட்ட படமும் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. பொய்ப்படத்தை நீக்கும் துணிவு உங்களிடம் இருக்கிறது. தொல்லை தந்து எடுத்த உண்மைப் படத்தையும் அதே கண்டிப்போடு நீக்குங்கள்.

அதற்கு நான் முன்வைக்கும் வழி இதுதான். இரைகொல்லிப் பறவையின் படத்தைப் போட்டிக்கு அனுப்புவோர், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த தொடர்ச்சியான மூலக்கோப்புகளையும், வெட்டப்படாத முழு ஃபிரேமையும் உடன் அனுப்ப வேண்டும். அடுத்த ஃபிரேம்களில் பறவை இறகு கோதுகிறதா, இரை தேடுகிறதா, அல்லது நம்மிடமிருந்து விலகிப் பறக்கிறதா என்பது அவற்றிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு தொலைவிலிருந்து, எந்த லென்ஸில், நடந்து சென்றா, வண்டியிலிருந்தா, மறைவிடத்திலிருந்தா எடுக்கப்பட்டது என்று நான்கைந்து வரிகளில் எழுதித் தர வேண்டும். இரை வைத்தோ குரல் ஒலிக்கவிட்டோ எடுத்தவையும், கூட்டுப் படங்களும் நுழைவிலேயே மறுக்கப்பட வேண்டும். பறவை தன் வாழிடத்தோடு, தன் வேலையில் ஈடுபட்டிருக்கும் படத்துக்கு, அது ஃபிரேமில் சிறிதாக இருந்தாலும், தலைமைப் பரிசு கிடைக்கும் நிலை வர வேண்டும். ஒரே ஒரு போட்டி இப்படி ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்த காரணத்தையும் எழுதி வெளியிட்டால், அடுத்த பருவத்தின் உலாக்களில் உறுப்பினர்கள் நிற்கும் தொலைவே மாறிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குழுக்களின் பொறுப்பாளர்கள் இவ்விதிகளை அடுத்த இனப்பெருக்கக் காலம் தொடங்குவதற்கு முன் தங்கள் கூட்டத்தில் வைத்து விவாதிக்குமாறும், ஏற்பவற்றை உலா அறிவிப்பிலேயே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஏற்க இயலாதவை இருந்தால் அவற்றுக்கான காரணத்தை வெளிப்படையாக எழுதுங்கள். அதற்கு விடைசொல்லவும், என் கருத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் உலாக்களில் கேமராவோடு உடன்வரும் ஓர் உறுப்பினர்